கையடக்கக் கருவியிற் சுயாதீன விளையாட்டுகளும் அவற்றின் மதிப்புரையாளரும் — ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரொன்றில் எழுதுவோர் தமது பொருளுக்குத் தாமே நியாயம் கற்பிக்க வேண்டிய நிலை இன்னும் மாறிவிடவில்லை. ஒருகாலத்திற் சிறுகதைக்கும் பின்னர் திரைப்படத்துக்கும் இருந்த நிலைதான் இது. ஒரு கலைவடிவம் மதிப்புப் பெறுவதற்கு முன்னர் அதனைப் பற்றிப் பேசுவதற்கான மொழி தோன்றவேண்டும். அம்மொழியை முதலிற் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அதற்கென ஊதியம் பெறாதவர்களே. ஈழத்து நவீன இலக்கிய விமர்சனத்தின் கணிசமான பகுதி, 1966 இல் தொடங்கிய மல்லிகை, 1975 இல் தொடங்கிய அலை முதலிய சஞ்சிகைகளிலே, வேறு தொழில் செய்து வாழ்ந்தோரால் ஓய்வு நேரத்தில் எழுதப்பட்டதாகும். ஆதலின் 'பொழுதுபோக்காக எழுதுபவர்' என்னுந் தொடரை இக்கட்டுரை இழிவுக் குறிப்பாகக் கொள்ளவில்லை.

இங்கு நோக்கப்படுவது மிகக் குறுகியதொரு பரப்பாகும். நின்ரென்டோ சுவிற்ச் போன்ற கையடக்கக் கருவிகளுக்கு வெளிவருஞ் சுயாதீன விளையாட்டுகளைப் பற்றி, எவரும் பணிக்காமலே, தம் விருப்பினால் மதிப்புரை எழுதுவோர் உலகெங்கும் உள்ளனர். எமது பல்கலைக்கழகத்திலும் அத்தகையோர் சிலர் உளர். இக்கட்டுரையாளனும் இரண்டாண்டுகளாக அவர்களுள் ஒருவன். இவர்கள் எழுதுவனவற்றைத் தொடர்ந்து வாசிக்கையில் ஒரு முரண்பாடு புலனாகின்றது. தொழில்முறை விமர்சகருக்கு இல்லாத சுதந்திரம் இவர்களுக்கு உண்டு. ஆயினும் தொழில்முறை மதிப்புரையின் சட்டகத்தையே, அதுவும் அதன் மிகப் பழைய வடிவத்தையே, இவர்கள் விரும்பிச் சுமக்கின்றனர். இதனால் ஏற்படும் இழப்பு யாது, அது யாருக்குரியது என்பனவே எம்முன் உள்ள வினாக்கள்.

சுயாதீன விளையாட்டு என்பது பெரும் வெளியீட்டு நிறுவனங்களின் முதலீடுங் கட்டுப்பாடுமின்றி ஒருவரோ ஒரு சிறு குழுவினரோ ஆக்கும் விளையாட்டு. எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராக நிரலெழுதியும் படம் வரைந்தும் இசையமைத்தும் 2016 இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வாலி' 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரைச் சேர்ந்த ரீம் செரி குழுவினர் பொதுமக்களிடம் ஏறத்தாழ 57,000 அவுஸ்திரேலிய டொலர் திரட்டி 'ஹொலோ நைற்' என்னும் விளையாட்டை ஆக்கினர். ஆனால் இவை விதிவிலக்குகள். 2017 மார்ச் மாதத்தில் விற்பனைக்கு வந்த சுவிற்ச் கருவி 15 கோடிக்கு மேல் விற்பனையாகியுள்ளது. அதன் கடையிலே குவிந்துள்ள விளையாட்டுகள் 10,000 இனும் அதிகம். விற்பனைப் பட்டியலில் மேலேறும்பொருட்டு விலையைச் சில சதங்களுக்குத் தாழ்த்துவோரும், புகழ்பெற்ற விளையாட்டொன்றின் பெயரையும் அட்டைப்படத்தையும் சற்றே திரித்து விற்போரும் அக்கடையின் முகப்பை நிரப்பிவிடுகின்றனர். இந்நெரிசலில் ஒரு சிறு குழுவின் இரண்டாண்டு உழைப்பு பெரிய பத்திரிகைகளின் கண்ணிற் படாமலே போய்விடுதல் சாதாரணம். ஆகவே மிகப் பல சிறு விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் ஒரே விமர்சனம் பொழுதுபோக்கு விமர்சகனின் விமர்சனமே. அவன் எழுதாவிடின் எழுதுவார் வேறொருவர் இல்லை. இப்பொறுப்பை அவன் உணர்ந்திருக்கிறானா என்பது ஐயத்துக்குரியது.

மதிப்புரையின் சட்டகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நோக்குவோம். 1984 இல் இங்கிலாந்தின் லட்லோ என்னுஞ் சிறு பட்டினத்திலிருந்து 'கிராஷ்' என்றொரு சஞ்சிகை வெளிவரத் தொடங்கிற்று. ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணனிக்குரிய விளையாட்டுகளே அதன் பொருள். அவற்றை ஆடிப் பார்த்துக் கருத்துக் கூறுவதற்கு அவ்வூர்ப் பாடசாலை மாணவரையே அச்சஞ்சிகை அமர்த்திக்கொண்டது. காட்சி, ஆடுதற்குகந்த தன்மை, மீண்டும் ஆடத்தூண்டும் ஈர்ப்பு, பணத்துக்கேற்ற பெறுமதி என விளையாட்டைக் கூறுபடுத்தி ஒவ்வொன்றுக்கும் நூற்றுவீதத்திற் புள்ளி வழங்கினர். யப்பானில் 1986 இல் தொடங்கிய 'ஃபமிற்சு' சஞ்சிகையில் நால்வர் தனித்தனியே பத்துக்குப் புள்ளியிட, நாற்பதுக்கு மொத்தங் கூட்டப்பட்டது. அக்காலத்தில் இம்முறைக்கு நியாயம் இருந்தது. கசெற் நாடாவில் விற்கப்பட்ட விளையாட்டை வாங்கி வீட்டிலே கணனியில் ஏற்றும்வரை அது எவ்வாறு தோற்றும், எவ்வாறு ஒலிக்கும் என அறிய வாங்குபவனுக்கு வழியிருக்கவில்லை. அட்டைப்படமோ பெரும்பாலும் பொய் கூறிற்று. 'காட்சி தெளிவானது, உருவங்கள் மினுக்குவதில்லை' என்று ஒரு மாணவன் எழுதினால் அது வாசகனுக்கு உண்மையான சேவை.

இன்று அந்நிலை இல்லை. எந்த விளையாட்டும் இயங்குவதை எவரும் ஒரு நிமிடத்திற் கண்டுவிடலாம், இசையைக் கேட்டுவிடலாம். அவ்வாறிருக்க, 'காட்சி: 8, ஒலி: 7, கட்டுப்பாடு: 8, ஆயுள்: 6' என்று எழுதுவது கண்டவனிடம் அவன் கண்டதையே கூறுவதாகும். சட்டகத்தைத் தோற்றுவித்த தேவை மறைந்துபோயிற்று. சட்டகம் மட்டும் நிலைத்து நிற்கின்றது. பரீட்சை விடைத்தாள் திருத்துபவரின் மனப்பாங்கு இது. பரீட்சைகளாலேயே உருவாக்கப்பட்ட எம் போன்றோருக்கு இம்மனப்பாங்கு இயல்பாக வந்துவிடுகின்றது என்பதும் உண்மையே.

புள்ளிக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. பல மதிப்புரைகளின் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி காணும் மெற்றாகிரிற்றிக் என்னும் ஏற்பாடு 2001 இல் தொடங்கியது. 2010 இல் வெளிவந்த 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' என்னும் விளையாட்டை ஆக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, அச்சராசரி 85 ஐ எட்டினால் மேலதிகக் கொடுப்பனவு கிடைக்கும் என்பது உடன்பாடு. கிடைத்த சராசரி 84. அது சுயாதீன விளையாட்டுமன்று, கையடக்கக் கருவிக்குரியதுமன்று. ஆயினும் விமர்சகனின் எண் உழைப்பாளியின் கூலியாக மாறும் விந்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை. விமர்சகர் எவரும் அக்கொடுப்பனவை மறுக்க எண்ணியவரல்லர். அவர்கள் எண்ணை எழுதினர். எண் தன் வழியே போயிற்று.

அசையும் படத்தைக் கண்டவனுக்கு விமர்சகன் சொல்லக்கூடியது யாது? படம் காட்டாத ஒன்று உண்டு. அது கையில் நிகழ்வது.

2018 ஜனவரியில் வெளிவந்த 'செலஸ்ற்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மடி தோர்சன், நோயல் பெரி ஆகிய இருவரும் நான்கே நாட்களில் ஆக்கிய ஒரு சிறு மாதிரியிலிருந்து வளர்ந்தது அது. மடலின் என்னும் இளம்பெண் ஒரு மலையில் ஏறுகின்றாள். அவளை அலைக்கழிப்பது அவளுடைய மனப்பதற்றமே. படத்தை மாத்திரம் பார்ப்பவனுக்கு அது தாவுதல், பற்றுதல், முள்ளில் வீழ்ந்து மடிதல் என்பவற்றின் முடிவில்லாத தொடர். ஆடுபவனுக்கோ நிகழ்வது வேறு. பாறையின் விளிம்பைக் கடந்து கால் வெளியிற் சென்ற பின்னரும் ஏறத்தாழப் பத்திலொரு செக்கன் நேரம் தாவுவதற்கு அவ்விளையாட்டு இடமளிக்கின்றது. விரல் சற்றுப் பிந்தினும் அது மன்னித்துவிடுகின்றது. மன்னித்ததைச் சொல்லிக் காட்டுவதுமில்லை. மடிந்தவுடன் தண்டனையின்றி அதே திரையின் தொடக்கத்தில் நிற்கலாம். எத்தனை முறை மடிந்தாய் என்பதை அது எண்ணி வைக்கின்றது. அவ்வெண்ணை நாணத்துக்குரியதாகக் கொள்ளாமற் பெருமைக்குரியதாகக் கொள்ளும்படியும் கூறுகின்றது. விரும்பினால் ஆட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ள ஒரு வழியும் உண்டு. தன்னைத் தானே கடிந்துகொள்ளும் ஒருத்தியின் கதையை, ஆடுபவனைக் கடிந்துகொள்ளாத ஒரு பொறிமுறையாற் சொல்வதே இப்படைப்பின் சாதனை. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது என நாம் இலக்கியத்தில் எதனைக் கூறுகின்றோமோ அதுவே இங்கு விரல்நுனியில் நிகழ்கின்றது. 'கடினம், ஆனால் நியாயமானது' என்ற தேய்ந்த வாக்கியத்தோடு இதனைக் கடந்துபோகும் மதிப்புரைகள் எத்தனை!

கையடக்கக் கருவியிலே ஆடுதல் என்பதற்கும் தனியான விதிகள் உள்ளன. பெரிய திரைக்கென ஆக்கப்பட்ட விளையாட்டொன்று 5.5 அங்குலத் திரைக்கு வரும்போது எழுத்துகள் வாசிக்கவியலாதபடி சிறுத்துப்போகின்றன. இது அற்ப விடயமாகத் தோன்றலாம். கதையை வசனத்தாற் சொல்லும் விளையாட்டுக்கு இதுவே மரணம். 'ஸ்டார்டியூ வாலி'யில் ஒரு பகல் ஏறத்தாழ 14 நிமிடங்களில் முடிகின்றது. உறங்கச் சென்றாற்றான் ஆட்டம் பதிவாகும். விரிவுரைகளுக்கிடையிலான இடைவேளையில் ஒரு பகல், பேருந்துப் பயணத்தில் இரு பகல் என அது அன்றாட வாழ்வின் இடுக்குகளில் அமர்ந்துகொள்கின்றது. நகரத் தொழிலை வெறுத்துக் கிராமத்துக்குச் சென்று பயிரிடும் ஒருவனின் கனவு, தொழிலுக்குச் செல்லும் பயணத்தின் நடுவே ஆடப்படுகின்றது என்னும் முரணை, மேசைக் கணனியில் ஆடும் விமர்சகன் காணமாட்டான். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நிலவியபோது சுவிற்ச் வைத்திருந்தோர் கேட்ட வினா ஒன்றே: மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும்? முதல் வந்த கருவி இரண்டரை மணி முதல் ஆறரை மணிவரை. 2019 இல் திருத்தப்பட்டது நாலரை மணி முதல் ஒன்பது மணிவரை. எந்த விளையாட்டு அவ்வெல்லையின் எப்புறத்தில் நிற்கின்றது என்பது ஆடியவனுக்கு மட்டுமே தெரியும். பொழுதுபோக்கு விமர்சகர்கள் இவ்வகைச் செய்திகளை மிக நேர்மையாகத் தருகின்றனர் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய பத்திரிகைகளில் இவற்றைக் காண்பது அரிது. அவர்களது பலம் இவ்விடத்திலே இருக்கின்றது. ஆனால் அவர்களோ இதனை 'தொழினுட்பம்' என்ற ஒரு பெட்டியில் இரு வரியாக அடைத்துவிட்டுப் புள்ளிக்கு விரைந்துவிடுகின்றனர்.

பெட்டிகளுள் மிகவும் வாதத்துக்குரியது 'விலையும் ஆயுளும்' என்பது. இத்தனை டொலருக்கு இத்தனை மணிநேரம் எனக் கணக்கிடும் வழக்கம் விமர்சனத்தைத் துணிக்கடை முழக்கோலாக ஆக்கிவிடுகின்றது எனக் கண்டிப்போர் உள்ளனர். கண்டனம் சரியானதே, ஆயினும் அதனை அத்துணை இலகுவாகக் கூறிவிட முடியாது. விலையைப் பற்றிப் பேசுதல் கலையைக் கொச்சைப்படுத்தல் எனக் கூறுபவர் பெரும்பாலும் விலையைப் பற்றி எண்ணத் தேவையில்லாதவர். 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டிலேயே 360 ரூபாவைத் தாண்டிற்று. 15 டொலர் விலையுள்ள ஒரு விளையாட்டு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவுக்கு மேற் சென்றது. இந்நாட்டு மாணவன் ஒருவன் 'அதற்கு எவ்வளவு நேரம் ஆடலாம்' எனக் கேட்பதை இரசனைக் குறைவு என ஒதுக்குதல் தகாது. வினா நியாயமானது, அதனைப் புள்ளிக்குள் கரைத்துவிடுவதே தவறு. நேரத்தையும் விலையையும் ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டு, அந்நேரத்தில் நிகழ்ந்தது யாது என்பதற்கு மதிப்புரையின் எஞ்சிய பகுதியை ஒதுக்கினால் வாசகன் தன் பணத்தைப் பற்றித் தானே தீர்மானித்துக்கொள்வான்.

இதற்கு 'வெண்பா' நல்ல உதாரணம். ரொறன்ரோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னுஞ் சிறு குழு 2023 ஜூலை 31 இல் சுவிற்ச் உட்படப் பல கருவிகளுக்கு வெளியிட்ட இவ்விளையாட்டு, 1988 இல் கனடாவில் வாழும் தமிழ்நாட்டுக் குடும்பமொன்றைப் பற்றியது. வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். தாய் தந்த சமையற் குறிப்பேடு பழுதடைந்துள்ளது. எழுத்துகள் அழிந்த இடத்தில் விடுபட்ட படி யாதென ஆடுபவன் ஊகித்துச் சமைக்கவேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணிநேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மிகக் குறுகியது என்பதே மதிப்புரைகள் பலவற்றின் குறையாக இருந்தது. 2024 இல் அது பிரித்தானியாவின் பஃப்ரா விருதை அறிமுகப் படைப்புக்கென வென்றது. அதே ஆண்டிற் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமை விருதையும் பெற்றது.

எமக்கு இப்படைப்பு முன்வைக்கும் பிரச்சினை வேறு. பிட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி இடப்படும் ஒழுங்கும், இட்டலித் தட்டுகளை ஆவி ஊடுசெல்ல அடுக்கும் முறையும் இவ்விளையாட்டிற் புதிர்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த ஒருவனுக்குப் பிட்டு ஒரு புதிரே அன்று. விடை தெரிந்த புதிரை அவிழ்க்கும் கை, அவிழ்ப்பதில்லை, நினைவுகூர்கின்றது. அப்பொழுது விளையாட்டின் பொறிமுறை முழுவதும் வேறொன்றாக மாறிவிடுகின்றது: அறியாதவனை அறியச் செய்வதற்குப் பதிலாக, அறிந்தவனை அவ்வறிவை இழந்துகொண்டிருக்கும் ஒருத்தியின் இடத்தில் நிறுத்துகின்றது. இவ்வேறுபாட்டை எழுதக்கூடியவர்கள் எம்மவரே. ஆனால் இவ்விளையாட்டைப் பற்றித் தமிழில் யான் வாசித்தவை பெரும்பாலும் 'எம் மொழியின் பெயர் தாங்கிய விளையாட்டு' என்ற பெருமிதத்துடன் நின்றுவிட்டன. பெருமிதம் விமர்சனமாகாது. ஆண்டுகளைத் தாவித் தாவிச் செல்லும் கதையில் மகனின் மனமாற்றம் உழைத்துப் பெறப்பட்டதாகத் தோன்றவில்லை; பிற்பகுதிப் புதிர்கள் முற்பகுதியளவுக்குக் கதையோடு பிணையவில்லை. இவற்றைக் கூறுவதால் அதன் பெருமை குறைந்துவிடாது. இன்னொன்றும் உண்டு. 1988 இற் கனடா சென்ற தமிழ்க் குடும்பம் என்றவுடன் எம் வாசகர் அதனுள் 1983 ஐயும் போரையும் தாமாகவே கொண்டுவந்து வைக்கின்றனர். படைப்பில் அவை இல்லை. அக்குடும்பம் வேறொரு பயணத்தாற் சென்றது. படைப்பில் இல்லாததை உணர்ச்சியாற் சேர்த்து வாசிப்பதும் புள்ளியிடுவதைப் போலவே படைப்பைக் காணாமல் விடும் ஒரு வழிதான்.

ஆயின் விமர்சகனின் சமூக அனுபவத்துக்கு இடமே இல்லையா? இடம் உண்டு. லூகஸ் போப் 2013 இல் ஆக்கி, 2017 இறுதியிற் பிளேஸ்ரேசன் வீற்றா கையடக்கக் கருவிக்கும் வந்த 'பேப்பர்ஸ், பிளீஸ்' விளையாட்டில் ஆடுபவன் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சோதிக்கும் உத்தியோகத்தன். நாள்தோறும் விதிகள் மாறும். சோதித்த ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பவே கூலி. அக்கூலியில்தான் வீட்டிலுள்ளோருக்கு உணவும் வெப்பமும் மருந்தும். முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை, அதன் பின்னர் தண்டப்பணம். வரிசையில் நிற்பவனின் கதையைச் செவிமடுக்கும் ஒவ்வொரு கணமும் வீட்டாரின் உணவிலிருந்து கழிகின்றது. இதனை ஒரு சர்வாதிகார நாட்டைப் பற்றிய அங்கதம் என எழுதிவிடுதல் எளிது. எம் பெற்றோர் 2002 இன் பின்னர் ஓமந்தைச் சாவடியிற் பயணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர்கள். அவர்களின் பிள்ளை இவ்விளையாட்டை ஆடும்பொழுது அவன் அமர்வது மறுபக்கத்து நாற்காலியில். அங்கமர்ந்து, நேரம் போதாமையால், எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்க்காமல் இலக்கத்தை மட்டும் பார்க்கத் தொடங்கும் தன் கையை அவன் காண்கின்றான். வீற்றாவின் சிறு திரையில் மேசையின் இடம் மேலும் ஒடுங்கி, கடவுச்சீட்டும் அனுமதிப் பத்திரமும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது அவ்வவசரத்தை இன்னும் கூட்டுகின்றது. அனுபவம் உண்டு என்பதாலேயே ஒருவன் நல்ல விமர்சகனாகிவிடான். ஆனால் அவ்வனுபவமுடையவன் அதனைப் பொறிமுறையோடு பொருத்திக் காட்டுவானாயின், வேறெவரும் எழுதமுடியாத பந்தியொன்றை அவன் எழுதியவனாவான். 'அங்கதச்சுவை: 9' என்ற பெட்டிக்குள் அப்பந்தி அடங்காது.

சுதந்திரம் என மேலே குறிப்பிட்டோம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறு விளையாட்டுகளை ஆக்குவோர் தம் படைப்பு எவர் பார்வையிலேனும் படவேண்டுமென்று விமர்சகர்களுக்குப் பதினாறு எழுத்துக் குறியீடொன்றை அனுப்புகின்றனர். அதனைக் கடையிலே பதிந்தால் விளையாட்டு விலையின்றிக் கிடைக்கும். 5,000 ரூபா கொடுக்க இயலாதவனுக்கு இது பெரும் உதவி. கூடவே ஒரு கடப்பாடும் வந்து சேர்கின்றது. எவரும் கட்டளையிடுவதில்லை, ஆயினும் தனியொருவர் மூன்றாண்டு உழைத்து, மரியாதையாக மடலெழுதி அனுப்பியதை நன்றன்று என எழுத மனம் ஒவ்வாது. ஆகவே ஏழு புள்ளி. ஏழு என்பது இவ்வுலகில் ஒரு மதிப்பீடன்று. அது ஒரு பண்பாட்டு மரபு, வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுப்பது போன்றது. குறிப்பிட்ட நாளுக்கு முன் வெளியிடாதே என்ற நிபந்தனையும், அந்நாளிலேயே வெளியிட்டாற்றான் வாசிப்பர் என்ற பரபரப்பும் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் எழுதுபவனை ஓய்வற்றவனாக்குகின்றன. ஊதியம் இல்லை, ஊதியத்துக்குரிய அவசரம் மட்டும் உண்டு.

2025 செப்ரெம்பர் 4 இல் 'ஹொலோ நைற்: சில்க்சோங்' வெளிவந்தபோது நிகழ்ந்தது இவ்விடத்து நினைக்கத்தக்கது. 2019 இல் அறிவிக்கப்பட்டு ஆறாண்டுகளுக்கு மேலாக எதிர்பார்க்கப்பட்ட அவ்விளையாட்டின் முற்பிரதியை ரீம் செரி குழுவினர் விமர்சகர் எவருக்கும் வழங்கவில்லை. பெரிய பத்திரிகையின் விமர்சகரும், வேலை முடிந்து வீடு வந்து கருவியைக் கையிலெடுத்தவரும் ஒரே மணியில் ஆடத் தொடங்கினர். வெளியீட்டு நாளன்று ஆழ்ந்த மதிப்புரை எதுவும் இருக்க முடியாதிருந்தது. அதனால் எவருக்கும் எத்தீங்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. மாறாக, அடுத்துவந்த வாரங்களில் அவ்விளையாட்டின் கடுமை தகுமா தகாதா என்பது பற்றி ஆடியவர்கள் ஆடிய அளவுக்கு எழுதினர். எல்லாச் சிறு குழுக்களாலும் இவ்வாறு செய்ய முடியாது என்பது தெளிவு. புகழுள்ளவர் மௌனமாக இருக்கலாம். புகழற்றவரின் மௌனம் மௌனமாகவே முடிந்துவிடும். ஆயினும் மதிப்புரை பிந்தி வரலாம், பிந்தி வருவதால் அதன் பயன் குன்றாது என்பதை அது காட்டிற்று. பொழுதுபோக்கு விமர்சகனிடம் உள்ள ஒரே செல்வம் காலமே. ஆறு மாதங்களின் பின்னர் ஒரு விளையாட்டுக்குத் திரும்பிவந்து எழுதத் தொழில்முறை விமர்சகருக்கு இடமில்லை, இவனுக்கு உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர்.

காலம் பற்றிய பேச்சு இன்னொரு விடயத்துக்கு இட்டுச்செல்கின்றது. இவ்விளையாட்டுகளுட் பல தட்டாகவோ அட்டையாகவோ அச்சிடப்படுவதில்லை. கருவியின் கடையில் மட்டுமே இருப்பவை. நின்ரென்டோ நிறுவனம் தன் 3டீஎஸ் கையடக்கக் கருவியின் கடையில் விற்பனையை 2023 மார்ச் 27 இல் நிறுத்திக்கொண்டது. அக்கடையில் மட்டும் விற்கப்பட்டவற்றை முறைப்படி வாங்க இனி வழியில்லை. வீற்றாவின் கடையையும் மூடப்போவதாகச் சோனி 2021 இல் அறிவித்து, ஆடுவோரின் எதிர்ப்பின் பின்னர் அம்முடிவைக் கைவிட்டது. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளுள் 87 நூற்றுவீதமானவை இன்று விற்பனையில் இல்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அவ்வாய்வு 2010 இற்கு முற்பட்டவற்றையே கணக்கிட்டது. கடையில் மட்டும் வாழ்ந்த விளையாட்டுகளின் பெரும் பெருக்கம் அதன் பின்னரே நிகழ்ந்தது.

தமிழ் பயிலும் மாணவருக்கு இது புதிய நிலைமையன்று. வளையாபதி முழுமையாக எமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டனவும் புறத்திரட்டு முதலிய தொகைகள் காத்துத் தந்தனவுமான சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. அவ்வுரையாசிரியர்கள் வளையாபதிக்குப் புள்ளியிட்டிருந்தால் இன்று எம்மிடம் எண் மட்டும் இருந்திருக்கும். அவர்கள் பகுதியை எடுத்துக் காட்டினர், சொல்லை விளக்கினர், இன்ன இடத்தில் இன்னவாறு வந்தது என்றனர். விளையாட்டை மேற்கோள் காட்டுதல் செய்யுளை மேற்கோள் காட்டுவது போன்று எளிதன்று. எப்பொத்தானை அழுத்தினால் யாது நிகழ்ந்தது, எவ்விடத்தில் ஆடுபவன் தயங்கினான், விதி எவ்விடத்தில் மாறிற்று, முடிவு எவ்வாறு வந்தது என்பவற்றை உரைநடையில் விடாது விவரித்தலே அதற்கொப்பான செயல். கதையின் முடிவை வெளியிடலாகாது என்ற இன்றைய நாகரிகம் இதற்குத் தடையாக நிற்கின்றது. வெளியீட்டு வாரத்தில் அந்நாகரிகம் பொருத்தமானதே. கடை மூடிய பின்னர் யாருடைய சுவையைக் காப்பதற்காக அம்முடிவை மறைப்பது?

3டீஎஸ் கடையில் மட்டும் கிடைத்த ஏதேனுமொரு சிறு விளையாட்டின் பெயரை எடுத்துக்கொண்டு, அது எத்தகையது, எவ்வாறு ஆடப்பட்டது என அறிய முயன்று பாருங்கள். விற்பனைப் படங்கள் நான்கைந்து கிடைக்கும். பொழுதுபோக்காக எழுதிய ஒருவரின் மதிப்புரையும் அதிர்ஷ்டமிருந்தாற் கிடைக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் பத்துக்கு ஏழு என்ற எண்ணும், காட்சி நன்று, இசை பரவாயில்லை, சற்றுக் குறுகியது என்ற மூன்று வாக்கியங்களுமேயாகும்.